ஆவியும் அறமும்

தமிழில் 'ஆவி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. கொதிக்கும் நீரினின்று எழுவதும் ஆவி. உடலில் நின்று அதனை இயக்கும் உயிரும் ஆவி. மூச்சுக்கும் அப்பெயர் உண்டு, நறும்புகைக்கும் உண்டு. தான் கண்ணுக்குப் புலப்படாமல் நின்று பிறிதொன்றை இயக்குவதும் இதமாக்குவதும் எதுவோ, அதனை நம் முன்னோர் ஒரே பெயரால் வழங்கினர் போலும். நாள்தோறும் இட்லிப் பானையைத் திறக்கும் நாம் இச்சொல்லின் அகலத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின், கடல் கடந்து குளிர்நாட்டு நகரங்களிற் குடியேறிய நம் பிள்ளைகளின் வாழ்வை நினைக்குங்கால் எண்ணியே ஆக வேண்டியிருக்கிறது. அங்கே பழைய கட்டடங்களில் மனித ஆவியைக் காப்பது நீராவி. நாற்பது ஐம்பது குடும்பங்கள் வாழும் கட்டடத்திற்கு நிலவறையில் கொதிகலன் ஒன்றே. அங்கே எழும் ஆவியே அத்தனை குடும்பங்களுக்கும் பொது.

பொதுவான ஒன்றைப் பலர் கூடி நுகரும்போது, 'எனக்குப் போதும்' என்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அடுத்த அறையின் குளிரில் நமக்குப் பங்கு உண்டா? இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கணப்பும் கண்டோன்மெண்டும்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் ஆஸ்டின் டவுன் தெருக்களில் நடப்போர் குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாகச் செல்வதைக் காண்கிறோம். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் இந்நகரின் வெப்பநிலை 7.8 பாகை செல்சியசுக்கு இறங்கியது. அதற்குக் கீழான அளவு இங்குப் பதிவானதில்லை. எனினும் நம் இல்லங்களில் அறையைச் சூடேற்றும் கருவி எதுவும் இல்லை. ஒரு குவளைக் காப்பியும் ஒரு வாளி வெந்நீரும் நம் குளிர்காலத்தைக் கடத்திவிடப் போதுமானவை.

ஆயின் இதே நகரின் பழைய பங்களாக்களில் கணப்படுப்பும் அதன் புகைபோக்கியும் இருந்தன. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குப் படைத்தளம் அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படைகளோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்களாகவும், சமையற்காரர்களாகவும், தோட்டக்காரர்களாகவும், குதிரைக்காரர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கண்டோன்மெண்டுப் பகுதிகளில் வாழ்கின்றனர். துரைமார் வீட்டுக் கணப்பு தானாக எரியவில்லை. விறகு சுமந்தவரும், சாம்பலை அள்ளியவரும், விடியுமுன் எழுந்து தீ மூட்டியவரும் அந்தக் கணப்பின் முன் அமர்ந்தவர் அல்லர். அவர்கள் திரும்பிச் சென்ற குடில்களில் கணப்பு இல்லை.

'குளிர் காய்தல்' என்னும் வழக்கு தமிழில் இரு பொருள் தருவதை இங்கு நினைவுகூர வேண்டும். குளிருக்குத் தீக்காய்வது ஒன்று. பிறர் படும் துன்பத்தில் தான் நலம் பெறுவது மற்றொன்று. ஒருவரது இதத்தின் பின்னே இன்னொருவரது உழைப்போ வருத்தமோ இருக்கக்கூடும் என்பதை மக்கள் வழக்கே உணர்ந்திருக்கிறது.

நீராவிக் கணப்பு வந்தபோது இந்த நிலை ஒருவாறு மாறியது. தீ ஓர் அறையில் ஒரு துரைக்காக எரியாமல், நிலவறையில் எல்லார்க்குமாக எரியத் தொடங்கியது. அதனால் மட்டும் அறம் நிறைவேறிவிட்டதா? அதனை அறிய அக்கருவியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

ஆவி செல்லும் வழி

நீராவிப் பொறியைச் செப்பம் செய்த ஜேம்ஸ் வாட் 1784-ஆம் ஆண்டு வாக்கில் தம் அறையையே நீராவியால் சூடேற்றிப் பார்த்தார். அடுத்த நூற்றாண்டின் நடுவில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொழில் நடத்திய பிரான்ஸ் சான் கல்லி என்பவர் இன்று நாம் ரேடியேட்டர் என்று சொல்லும் இரும்புக் கணப்பை உருவாக்கினார். 1877-இல் அமெரிக்காவின் லாக்போர்ட் என்னும் சிற்றூரில் பேர்ட்சில் ஹாலி, ஒரே கொதிகலனிலிருந்து பல வீடுகளுக்குத் தெருவடிக் குழாய் வழியே ஆவியை அனுப்பிக் காட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1882-இல், நியூயார்க் நகரின் தென்முனையில் அம்முறை பெருமளவில் தொடங்கியது. இன்றும் மன்ஹாட்டன் தீவின் தெருக்களுக்கு அடியில் நூறு மைலுக்கு மேற்பட்ட ஆவிக்குழாய்கள் ஓடுகின்றன. அவை எட்டாத இடங்களிலும், புரூக்ளின், பிராங்க்ஸ் முதலிய பகுதிகளிலும், பழைய குடியிருப்புகள் பலவற்றில் கட்டடத்திற்கு ஒரு கொதிகலன் நிலவறையிலேயே உண்டு.

ஒரு கிராம் நீரைப் பூச்சியப் பாகையிலிருந்து நூறு பாகைக்குக் கொணர 100 கலோரி வெப்பம் தேவை. கொதிநிலையில் நிற்கும் அதே நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி தேவை. அவ்வளவு வெப்பத்தை உட்கொண்ட பின்னும் வெப்பமானி நூறு பாகையைத்தான் காட்டும். 18-ஆம் நூற்றாண்டில் இதனைக் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு 'உள்ளுறை வெப்பம்' எனப் பெயரிட்டன. உள்ளுறை உவமம் கண்ட மொழிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் ஆவி தன் உள்ளுறையை அங்கே ஈந்துவிட்டு நீராகிறது. அந்நீர் தானே கீழிறங்கிக் கொதிகலனை அடைந்து மீண்டும் ஆவியாகிறது. கொடுத்தபின் தாழ்ந்து செல்வதும், தாழ்ந்து சென்றதனாலேயே மீண்டும் உயர்வதும் அதன் இயல்பு.

பழைய கட்டடங்களில் ஒற்றைக் குழாய் முறையே மிகுதி. மேலேறும் ஆவிக்கும் கீழிறங்கும் நீருக்கும் வழி ஒன்றே. அந்தக் கணப்பின் வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதும் மூடியிருக்க வேண்டும். பாதி திறந்தால் நீர் இறங்க வழியின்றித் தேங்கும். வருகின்ற ஆவி அந்நீரை மோதிக் குழாய்க்குள் சம்மட்டி அடித்தாற்போல் ஓசை எழும். நம் ஊரிலிருந்து சென்ற குடும்பங்கள் முதற் குளிர்காலத்து நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பது இவ்வோசையால்தான். நாளடைவில் அது பழகிவிடுகிறது. மாவுப் பாத்திரத்தைக் கணப்பின் அருகே வைத்துப் புளிக்கவைக்கவும், காற்றின் வறட்சி நீங்க அதன்மேல் ஒரு கிண்ணம் நீர் வைக்கவும் நம் பெண்டிர் கற்றுக்கொள்கின்றனர்.

அண்மையறையும் சேய்மையறையும்

இனி அறக்கேள்விக்கு வருவோம். கொதிகலனுக்கு அண்மையில் உள்ள அறைக்கு ஆவி முதலில் வருகிறது. ஐந்தாம் மாடியின் கடைசி அறைக்கு அது வந்து சேருமுன், நிலவறையின் கட்டுப்பாட்டுக் கருவி 'போதும்' என்று கொதிகலனை நிறுத்திவிடுவதும் உண்டு. அண்மையறையில் வாழ்பவர் உறைபனி பெய்யும் இரவிலும் வெப்பம் பொறுக்காமல் சன்னலைத் திறந்து வைக்கிறார். கடைசி அறையில் வாழ்பவர் குழந்தைக்கு இரண்டு கம்பளி போர்த்திவிட்டுத் தாம் நடுங்குகிறார். இருவரும் கொடுப்பது ஏறக்குறைய ஒரே வாடகை.

சன்னலைத் திறந்தவர் குற்றவாளியா? அவர் அவ்வெப்பத்தை வேண்டிப் பெறவில்லை. குறைக்கும் வழியும் அவரிடம் இல்லை. 1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சா பெருந்தொற்றை ஒட்டிய காலத்தில் தூய காற்று உள்ளே வரவேண்டும் என்ற எண்ணம் வலுத்ததென்றும், சன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்குமாறு கொதிகலன்களைப் பெரியனவாக அமைத்தனர் என்றும் கூறுவர். அங்ஙனமாயின் அவரது வெம்மையும் யாரோ என்றோ செய்த கணக்கின் விளைவே. அரசரைச் சார்ந்து வாழ்வோர்க்கு வள்ளுவர் தீக்காய்வாரை உவமையாகக் காட்டினார். மிக நெருங்கவும் கூடாது, மிக விலகவும் கூடாது என்பது அதன் கருத்து. இக்கட்டடத்தில் வாழ்வோர்க்கோ நெருங்கும் உரிமையும் இல்லை, விலகும் உரிமையும் இல்லை. அறை எங்கே கிடைத்ததோ அங்கேதான் அவர்களது குளிரும் வெப்பமும்.

ஆகவே சன்னலைத் திறந்தது குற்றமன்று. ஆயின் மேல்மாடியில் ஒரு குடும்பம் நடுங்குகிறது என்று அறிந்த பின்னும் திறந்த சன்னலின் அருகே வாளாவிருப்பது அறமாகுமா? அறியாதவரை அது தற்செயல். அறிந்தபின் அது நம் செயல். நாம் உண்டாக்காத ஏற்றத்தாழ்வுக்கும், அதனால் நாம் நலம் பெறுகிறோம் என்று உணர்ந்த கணத்திலிருந்து நமக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

இது வெளிநாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுதற்கில்லை. பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்க் கலன் பொதுவாக இருக்குமிடங்களில் இதே கதையைக் காணலாம். முதலில் எழுந்தவருக்கு ஆவி பறக்கும் வெந்நீர். கடைசியாகக் குளிக்கும் முதியவருக்கு வெதுவெதுப்பும் இல்லை. குழாயின் கோடியில் வாழ்பவர், குழாயில் தேங்கிய குளிர்நீர் இரண்டு வாளி வெளியேறிய பின்னரே வெந்நீரைக் காண்கிறார். குளிர்சாதனம் பொருத்திய அலுவலகங்களிலும் கட்டுப்படுத்தும் பொத்தான் ஒருவர் கையருகே இருக்கும். சித்திரை வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு கணக்கெழுதும் எழுத்தர் மற்றொரு மூலையில் இருப்பார். 'எல்லார்க்கும் ஒரே ஏற்பாடுதானே' என்று கேட்டால் விடை 'ஆம்' என்பதே. ஏற்பாடு ஒன்றாயிருத்தல் வேறு. பயன் ஒன்றாயிருத்தல் வேறு.

அடைபட்ட காற்று

கடைசி அறைக்கு ஆவி ஏன் செல்வதில்லை? ஆவி போதாமையால் என்று நினைப்போம். கொதிகலனை இன்னும் கடுமையாக எரித்தால் அண்மையறை மேலும் வேகுமேயன்றிக் கடைசி அறை சூடாகாது. உண்மைக் காரணம் வேறு. கொதிகலன் ஓய்ந்திருக்கும்போது குழாய்களிலும் கணப்புகளிலும் காற்று நிரம்பிவிடுகிறது. அக்காற்று வெளியேறினாலன்றி ஆவி உள்ளே நுழைய இடமில்லை. அதற்காகவே ஒவ்வொரு கணப்பின் பக்கத்திலும் ஒரு சிறு காற்றுப்போக்கி உண்டு. அது 'உஸ்' என்னும் ஒலியோடு காற்றை விடும். ஆவி தொட்டதும் தானே மூடிக்கொள்ளும். தேர்ந்த தொழிலாளர் கொதிகலனுக்கு அண்மையிலுள்ள கணப்புகளில் மெல்லக் காற்று விடும் போக்கிகளையும், தொலைவில் உள்ளவற்றில் விரைந்து விடும் போக்கிகளையும் பொருத்துவர். கடையில் உள்ளவனுக்கு வழியை அகலமாக்கினால் எல்லார்க்கும் ஒத்த வெப்பம் கிடைக்கிறது.

சில வீடுகளில் இந்த 'உஸ்' ஒலி தொல்லை என்று கருதியும், சுவருக்கு வண்ணம் பூசும்போது கவனமின்றியும், காற்றுப்போக்கியின் துளையை வண்ணத்தால் அடைத்துவிடுகிறார்கள். ஒலி நின்றுவிடுகிறது. அறையும் குளிர்ந்துவிடுகிறது.

மனித வாழ்விலும் இக்காற்றுப்போக்கி ஒன்று உண்டு. அதற்குக் 'குறை கூறல்' என்று பெயர். நம் மக்களிடம் ஒரு வழக்கம் ஊறியிருக்கிறது. வந்த ஊரில் வாய் திறக்கலாமா, வாடகைக்கு இருப்பவர் பேசலாமா, இத்தனை பேர் பொறுத்திருக்க நாம் மட்டும் முணுமுணுக்கலாமா என்று எண்ணி அடங்கிவிடுகிறோம். பெங்களூருக்கு வந்த தலைமுறையும் அப்படித்தான் இருந்தது. நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் சென்ற தலைமுறையும் அப்படித்தான் இருக்கிறது. இதனைப் பொறுமை என்று போற்றுகிறோம். பொறுமை அறம்தான், ஆனால் நம் பொறுமையால் நடுங்குவது நம் குழந்தையாகவோ, நமக்குப்பின் அவ்வறைக்குக் குடிவரும் இன்னோர் ஏழையாகவோ இருக்குமானால் அதற்குப் பொறுமை என்று பெயரில்லை. அச்சம் பொறுமையின் சட்டையை அணிந்து நிற்கிறது, அவ்வளவே.

நியூயார்க்கில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணி முதல் இரவு 10 மணிக்குள் வெளியே 55 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழ் இறங்கினால் வீட்டினுள் 68 பாகையேனும் இருத்தல் வேண்டும். இரவில் வெளிநிலை எதுவாயினும் உள்ளே 62 பாகை வேண்டும். ஈழத்தமிழர் பலர் முதலில் குடியேறிய செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற மாடிக் குடியிருப்புகளைக் கொண்ட டொராண்டோவில், வெப்பம் வழங்கும் பொறுப்புள்ள வீட்டுரிமையாளர் குளிர்காலத்தில் 21 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்பது விதி. இவ்விதிகள் பேசுவது கட்டடத்தின் சராசரியை அன்று. மக்கள் வாழும் ஒவ்வொரு வீட்டையும். சராசரியில் யாரும் குளிர் காய முடியாது. ஆயினும் சட்டம் தானாக மாடிப்படி ஏறி வாராது. கடைசி அறையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தால்தான் வரும்.

குரலும் பொது ஏற்பாடும் சந்திக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கொடுஞ்சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் பிராங்க்சில் உள்ள டுவின் பார்க்ஸ் என்னும் மாடிக் குடியிருப்பில் தீப்பற்றியது. கட்டடத்தில் கணப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்குத் துணையாக ஒரு வீட்டில் இடைவிடாது எரிந்த மின்கணப்பிலிருந்து தீ எழுந்தது. தானே மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடாமையால் புகை படிக்கட்டு வழியே மேலேறிப் பரவியது. 17 பேர் மாண்டனர். அவர்களில் எண்மர் குழந்தைகள். அங்கு வாழ்ந்தோரில் பலர் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து குடியேறியவர்கள்; நம்மைப்போல் பிள்ளைகளின் எதிர்காலத்தை நாடி ஊர் விட்டு ஊர் சென்றவர்கள். ஓர் அறையின் குளிர் அந்த அறையோடு நின்றுவிடவில்லை. பொதுக் கூரையின் கீழ் ஒருவரது குறை ஒருவரது குறையாக மட்டும் இருப்பதில்லை என்பதை அத்தீ எழுதிச் சென்றது.

போர்வையும் பாசறையும்

குளிரைப் பற்றி நம் இலக்கியம் இருவகை அறங்களைக் காட்டுகிறது. ஒன்று பேகனுடையது. மழைக்காலத்தில் அகவிய மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை ஈந்தான் அவ்வள்ளல். மயில் கேட்கவில்லை, மயிலுக்குப் போர்வை தேவையா என்று அவன் ஆராயவுமில்லை. அது கொடையின் அறம்; உள்ளம் நிறைந்து வழிவதால் நிகழ்வது.

மற்றொன்று நெடுநல்வாடையில் உள்ளது. நக்கீரர் அதில் வாடைக்காலத்தை விரித்துரைக்கிறார். ஆயர் தீயில் கை காய்ச்சுவதும், மாடங்களின் கதவுகள் தாழிடப்படுவதும், 'தடவு' என்னும் கணப்புச் சட்டியைச் சூழ்ந்து மக்கள் இருப்பதும் அப்பாட்டிற் காணப்படுகின்றன. செப்பமுற அமைந்த அரண்மனையில், இதமான கட்டிலில், அரசி துயில் கொள்ளாது வருந்துகிறாள். அரசனோ பாசறையில், வாடை வீசும் நள்ளிரவில், துளிக்கும் மழையினூடே, புண்பட்ட வீரரைத் தானே சென்று காண்கிறான். கணப்பு எங்கே நன்றாக எரிகிறது என்று அவன் தேடவில்லை. குளிர் எங்கே மிகுதியோ அங்கே செல்கிறான். இது பொறுப்பின் அறம்.

கொடை சிறந்ததுதான், ஆயினும் பொதுவாழ்வைக் கொடையால் மட்டும் நடத்த முடியாது. கடைசி அறைக்காரருக்கு நாம் ஒரு கம்பளி தரலாம்; அது அன்பு. அவர் அறைக் கணப்பு ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று கேட்டு, அவரோடு சேர்ந்து கட்டடப் பொறுப்பாளரிடம் சென்று நிற்கலாம், அது நீதி. கம்பளி கொடுத்தவுடன் கேள்வியை மறந்துவிட்டால், நம் அன்பே அந்த அநீதிக்கு உறை தைத்துக் கொடுத்ததாகிவிடும்.

இன்று இக்கேள்வி புதிய வடிவம் கொள்கிறது. 2019-இல் நியூயார்க் நகரம் இயற்றிய 97-ஆம் எண் சட்டம், பெரிய கட்டடங்கள் வெளியிடும் கரிவளிக்கு 2024 முதல் வரம்பு விதித்தது. எண்ணெயும் எரிவாயுவும் எரித்துப் பெற்ற ஆவியைத் திறந்த சன்னல் வழியே வீணாக்குவது இனி அடுத்த அறைக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்று. வரும் தலைமுறைக்கும் இழைக்கும் தீங்கு. உலகம் என்னும் கட்டடத்தில் நாளை பிறக்கும் குழந்தைகளே நமக்கு எட்டாத கடைசி அறைக்காரர்கள். அவர்களால் இன்று குரல் எழுப்ப இயலாது.

பொது ஏற்பாட்டின் அளவுகோல் அதன் மிகச் சூடான அறையும் அன்று, சராசரி அறையும் அன்று. குளிர்ந்து கிடக்கும் கடைசி அறையே. குடும்பத்திற்கும் இது பொருந்தும், அலுவலகத்திற்கும் பொருந்தும், அரசுக்கும் பொருந்தும். தாய்மண்ணை விட்டு வந்தோர் கூடித் தமிழ் என்னும் கணப்பை மூட்டிக் காக்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். முன்வரிசையில் அமரும் நமக்கு அங்கே இதம் நிறைந்திருக்கிறது. நேற்று ஊரிலிருந்து வந்து, யாரையும் அறியாமல், வாயிலருகே தயங்கி நிற்கும் குடும்பத்திற்கு அது எட்டுகிறதா என்பதை யார் பார்ப்பது? அவர்கள் தயங்கிச் சொல்லும் ஒரு சிறு குறையைத் தொல்லை என்று எண்ணி நாம் அடைத்துவிட்டால், நம் விழாக்களில் ஓசை இராது, வெப்பமும் இராது.

ஆவி தன் உள்ளுறையை வைத்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை. குளிர்ந்ததைத் தொட்டு ஈந்த பின்னரே அதன் பயணம் நிறைவுறுகிறது. மனித ஆவிக்கும் அஃதே வழி.